ஃபைல் வரும்வரை ஷெல் ஸ்கிரிப்டைக் காத்திருக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறொரு மெஷினோ வேறொரு ப்ரோகிராமோ ஒரு ஃபைலைக் கொண்டுவந்து போடும், அது வந்த பிறகுதான் நம் ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்க வேண்டும். விற்பனை ரிப்போர்ட், டேட்டாபேஸ் பேக்கப், பில்ட் முடிந்த பேக்கேஜ் என்று எதுவாகவும் இருக்கலாம். சர்வரில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் ஒருநாள் இந்தத் தேவை வந்துதான் தீரும். இங்கே சொல்பவை லினக்ஸையும் பாஷ் ஷெல்லையும் மனதில் வைத்து எழுதியவை. மேக்கைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

ஒரு லூப் போட்டு, ஃபைல் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் போதாதா?

பெரும்பாலும் போதும். ஒரு அன்டில் லூப், அதன் நிபந்தனையாக டெஸ்ட் மைனஸ் எஃப், பக்கத்தில் இரட்டை மேற்கோளுக்குள் ஃபைலின் பெயர், லூப்புக்குள்ளே ஸ்லீப் 5. அவ்வளவுதான். எந்தப் பேக்கேஜும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், எந்த யூனிக்ஸிலும் ஓடும், ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்து பார்த்தாலும் உடனே புரியும். இப்படித் திரும்பத் திரும்பப் பார்ப்பது மட்டமான வழி என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபைல் இருக்கிறதா என்று கேட்பது கெர்னலுக்கு ஒரே ஒரு ஸ்டாட் அழைப்பு. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை கேட்டால் சிபியு கணக்கில் தெரியவே தெரியாது. ஆனால் ஸ்லீப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது இல்லாத லூப் சிபியுவின் ஒரு கோர் (core) முழுவதையும் விழுங்கிவிடும்.

ஸ்லீப் எத்தனை விநாடி என்பதற்கு ஒரே அளவுகோல், ஃபைல் வந்தபின் எவ்வளவு நேரம் தாமதமானால் பரவாயில்லை என்பதுதான். இரவில் ஓடும் ரிப்போர்ட்டுக்கு 60 விநாடியே தாராளம். ஒரு விநாடிக்கும் குறைவாக வேண்டுமென்றால், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ ஸ்லீப் 0.2 போன்ற தசம எண்களை ஏற்கும். யூனிக்ஸ் வகைகளுக்கெல்லாம் பொதுவான பாசிக்ஸ் தரம் உறுதி தருவது முழு எண்ணுக்கு மட்டும்தான்.

மைனஸ் எஃப், மைனஸ் இ, மைனஸ் எஸ்: எதைப் போடுவது?

மைனஸ் இ என்றால் அந்தப் பெயரில் ஃபைலோ ஃபோல்டரோ சாக்கெட்டோ ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் எஃப் சாதாரண ஃபைலுக்கு மட்டும். சின்ன எஸ் போட்டால் ஃபைல் இருக்க வேண்டும், அதன் அளவு பூஜ்யத்துக்கு மேலும் இருக்க வேண்டும். டேட்டா ஃபைலுக்காகக் காத்திருக்கும்போது நான் சின்ன எஸ்தான் போடுவேன். படிக்க அனுமதி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க மைனஸ் ஆர் இருக்கிறது.

இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, சிம்லிங்க், அதாவது வேறொரு ஃபைலைச் சுட்டிக்காட்டும் லிங்க். இந்தச் சோதனைகள் லிங்க்கைப் பின்தொடர்ந்து அது காட்டும் ஃபைலைத்தான் பார்க்கும், அந்த ஃபைல் இல்லையென்றால் லிங்க் கண்ணெதிரே இருந்தாலும் 'இல்லை' என்றே பதில் வரும். இன்னொன்று, அனுமதி. ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் நுழையும் அனுமதி, அதாவது எக்ஸ் பிட், உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும் யூசருக்கு இல்லையென்றால் டெஸ்ட் கமாண்ட் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் 'இல்லை' என்று சொல்லிவிடும். நீங்கள் ரூட்டாக லாகின் செய்து பார்த்தால் ஃபைல் இருக்கும், ஸ்கிரிப்டோ விடியவிடியக் காத்துக்கொண்டிருக்கும். ஃபைல் இருந்தும் லூப் நிற்கவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்: சுடோ (sudo) கமாண்ட் மூலம் அதே யூசராக டெஸ்ட் கமாண்டை ஓட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஃபைல் வந்தவுடன் எடுத்தேன், ஆனால் பாதிதான் இருக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஃபைல் தோன்றுவது வேறு, எழுதி முடிப்பது வேறு.

2 ஜிபி அளவுள்ள ஒரு சிஎஸ்வி ஃபைலை, மெஷின்களுக்கிடையே காப்பி செய்யும் எஸ்சிபி கமாண்ட் மூலம் யாரோ அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நொடியிலேயே சேர வேண்டிய இடத்தில் அதன் சொந்தப் பெயரிலேயே ஃபைல் உருவாகிவிடும், அளவு பூஜ்யம். அப்புறம் டேட்டா வரவர வளரும். உங்கள் லூப் அந்த இடைவெளியில் கண்விழித்தால் மைனஸ் எஃப் 'இருக்கிறது' என்கிறது, நீங்கள் டேட்டாவை ஏற்றும் லோடரை ஓட்டுகிறீர்கள், அது அதுவரை வந்த வரிகளைப் படித்து, ஃபைல் முடிந்துவிட்டது என்று நினைத்து, வெற்றி என்று சொல்லி வெளியேறிவிடும். சிஎஸ்வியில் 'இதோடு முடிந்தது' என்று சொல்லும் அடையாளம் எதுவும் கிடையாது. கடைசி வரி நடுவில் வெட்டுப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம், லோடர் கத்தும். சரியாக வரி முடியும் இடத்தில் நின்றிருந்தால் யாருக்கும் தெரியாமலே அன்றைய கணக்கில் லட்சம் வரிகள் காணாமல் போயிருக்கும். எழுதுகிற ப்ராசஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது மற்றவர் படிக்கக்கூடாது என்று லினக்ஸ் தடுப்பதில்லை. அதனால்தான் இது சத்தமில்லாமல் நடக்கிறது.

இதற்குச் சரியான மருந்து எழுதுகிறவர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஃபைலை வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுசாக எழுதி முடித்த பிறகு எம்வி கமாண்டால் உண்மையான பெயருக்கு மாற்ற வேண்டும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றுவது அணுவளவும் பிளவுபடாத ஒரே செயல் என்பதை பாசிக்ஸ் உறுதி செய்கிறது. பார்க்கிறவருக்கு அந்தப் பெயரில் ஒன்று ஃபைல் இருக்காது, அல்லது முழு ஃபைல் இருக்கும், நடுவில் ஒரு நிலை கிடையாது. இதைச் செய்துவிட்டால் மேலே சொன்ன எளிய லூப்பே முழுப் பாதுகாப்பு ஆகிவிடும்.

இங்கே 'ஒரே ஃபைல் சிஸ்டம்' என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெம்ப் ஃபோல்டரில் எழுதிவிட்டு டேட்டா டிஸ்க்குக்கு எம்வி செய்தால், இரண்டும் வேறு வேறு ஃபைல் சிஸ்டமாக இருக்கும் மெஷினில் எம்வி உள்ளுக்குள் காப்பி எடுத்து பழையதை அழிக்கிறது, பழைய பிரச்சினை அப்படியே திரும்பி வந்துவிடும். அதனால் தற்காலிக ஃபைலையும் சேர வேண்டிய ஃபோல்டரிலேயே, புள்ளியில் தொடங்கும் பெயரில் எழுதுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்களை நட்சத்திரக் குறி வழக்கமாகக் கண்டுகொள்ளாது என்பதால் பாதி ஃபைல் யார் கண்ணிலும் படாது.

இது பழைய, நிரூபிக்கப்பட்ட வழி. க்யூமெயில் என்ற மெயில் சர்வருக்காக டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த மெயில்டிர் முறையும் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது: மெயில் முதலில் டெம்ப் என்ற ஃபோல்டரில் எழுதப்படும், முடிந்ததும் நியூ என்ற ஃபோல்டருக்குப் போகும், புது மெயிலுக்காகப் படிக்கிறவர் நியூவைத்தான் பார்ப்பார். பூட்டு எதுவும் தேவையில்லை.

ஃபைல்களைக் காப்பி செய்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க் இதைத் தானாகவே செய்கிறது. புள்ளியில் தொடங்கும் தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசியில் பெயர் மாற்றும். ஆனால் இன்ப்ளேஸ் ஆப்ஷன் போட்டால் நேரடியாக எழுதும். பார்ஷியல் ஆப்ஷன் போட்டு, பாதியில் லைன் அறுந்துபோனால், பாதி ஃபைலை உண்மையான பெயரிலேயே விட்டுவிட்டுப் போகும். ப்ரோக்ரஸ் தெரியவேண்டும் என்று பழக்கத்தில் பெரிய பி போடுகிறவர்கள் கவனிக்க, அதற்குள் பார்ஷியலும் சேர்ந்தே வருகிறது.

அனுப்புகிறவர் வேறு கம்பெனி, நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். என்ன செய்வது?

முதலில் ஒருமுறை கேட்டுத்தான் பாருங்களேன். எஸ்எஃப்டிபியில் அனுப்புகிறவர்களுக்கு இது ஒரே ஒரு கூடுதல் வரி, புட் செய்தபின் ரீநேம். அது முடியாதென்றால், டேட்டா முழுசாகப் போன பிறகு இன்னொரு குட்டி ஃபைலை அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அந்தக் குட்டி ஃபைலுக்காகக் காத்திருந்தால் போதும். பெரிய டேட்டாவைக் கையாளும் ஹடூப்பில் வேலை முடிந்ததும் வெளியீட்டு ஃபோல்டரில் 'சக்ஸஸ்' என்ற காலி ஃபைல் வந்து உட்காருவதும் இதற்குத்தான். குட்டி ஃபைலுக்குள் டேட்டாவின் எஸ்எச்ஏ 256 செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) வைத்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய், வந்துவிட்டதும் தெரியும், சரியாக வந்ததா என்பதும் தெரியும்.

அதுவும் நடக்காதென்றால் ஊகம்தான். ஃபைலின் அளவை ஸ்டாட் மூலம் எடுத்து, 30 விநாடி கழித்து மறுபடி எடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது. பலர் இதைத்தான் செய்கிறார்கள், நெட்வொர்க் ஒரு நிமிடம் திணறினால் இது ஏமாந்துவிடும் என்று தெரிந்தே செய்யுங்கள். ஃப்யூசர் அல்லது எல்எஸ்ஓஎஃப் மூலம் யாராவது ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது இன்னொரு வழி. மற்ற யூசர்களின் ப்ராசஸைப் பார்க்க ரூட் அனுமதி வேண்டும், நெட்வொர்க் வழியாகப் பகிரும் என்எஃப்எஸ் ஃபோல்டரில் வேறு மெஷின் எழுதினால் தெரியாது, அனுப்புகிறவரின் இணைப்பு பாதியில் அறுந்திருந்தால் யாரும் திறந்திருக்க மாட்டார்கள், ஃபைலும் பாதியாகவே கிடக்கும். ஆகவே ஊகத்தோடு நிறுத்தாமல் உள்ளடக்கத்தையும் சோதியுங்கள். ஜிஜிப் ஃபைல் என்றால் ஜிஜிப் மைனஸ் டி (-t) பாதி ஃபைலைக் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி வரியில் மொத்த எண்ணிக்கை எழுதியிருக்கும் ஃபார்மேட் என்றால் வரிகளை எண்ணி அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

முடிவில்லாமல் காத்திருக்கும் ஸ்கிரிப்டை சர்வரில் விடாதீர்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் தினமும் ஒன்றைத் தொடங்கும், முந்தைய நாளுடையது இன்னும் காத்திருக்கும், அப்புறம் என்றாவது ஃபைல் வந்தவுடன் எல்லாம் சேர்ந்து அதன்மேல் பாயும்.

பாஷில் செகண்ட்ஸ் என்ற உள்ளமைந்த மாறி இருக்கிறது. லூப்புக்கு முன் அதைப் பூஜ்யமாக்கிவிட்டால் தானாகவே விநாடிகளை எண்ணிக்கொண்டு போகும். லூப்புக்குள் அது 3600ஐத் தாண்டிவிட்டதா என்று பாருங்கள், தாண்டினால் எந்த ஃபைலுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதை ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதிவிட்டு, பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேறுங்கள். எந்த எண் என்று யோசித்தால், தற்காலிகத் தோல்விக்கு சிஸ்எக்சிட்ஸ் ஹெடரில் 75 இருக்கிறது. டைம்அவுட் கமாண்டும் உண்டு, நேரம் முடிந்தால் 124 திருப்பித் தரும். ஆனால் அது தனி ப்ரோகிராம், ஷெல் லூப்பையோ ஃபங்ஷனையோ நேரடியாக அதனிடம் கொடுக்க முடியாது, பாஷ் மைனஸ் சி போட்டு உள்ளே வைக்க வேண்டும்.

ஐநோட்டிஃபை என்கிறார்களே, அது எப்போது தேவை?

ஃபைல் வந்த கணமே தெரிய வேண்டும், அல்லது நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் ஃபைல் வந்துகொண்டே இருக்கும் என்றால் இது தேவை. ஃபோல்டரில் நடக்கும் மாற்றத்தை கெர்னலே உடனுக்குடன் அறிவிக்கும் வசதி இது, 2005ல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்து லினக்ஸில் இருக்கிறது. ஷெல்லில் பயன்படுத்த ஐநோட்டிஃபை டூல்ஸ் பேக்கேஜைப் போட்டால் ஐநோட்டிஃபைவெயிட் கமாண்ட் கிடைக்கும்.

இன்னும் வராத ஃபைலைக் கண்காணிக்கச் சொன்னால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சொல்லி வெளியேறிவிடும். ஃபைல் வரப்போகும் ஃபோல்டரைக் கண்காணிக்க வேண்டும். அடுத்து, எந்த நிகழ்வுக்காகக் காத்திருக்கிறோம் என்பது. க்ரியேட் நிகழ்வைப் போடாதீர்கள், அது ஃபைல் பிறந்த நொடியிலேயே, பூஜ்ய அளவில் வந்துவிடும். க்ளோஸ்_ரைட், மூவ்டு_டு இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முதலாவது எழுதத் திறந்த ஃபைல் மூடப்பட்டதும் வரும், இரண்டாவது பெயர் மாற்றி உள்ளே வரும் ஃபைலுக்கு. ஆர்சிங்க் கடைசியில் பெயர் மாற்றுவதால், க்ளோஸ்_ரைட் மட்டும் போட்டால் உங்களுக்குத் தெரியவருவது அந்தத் தற்காலிகப் பெயர்தான், நீங்கள் கை வைப்பதற்குள் அது மாறியிருக்கும்.

ஐநோட்டிஃபைவெயிட் போட்டும் சில நாள் ஃபைல் வந்திருக்கிறது, ஸ்கிரிப்ட் தூங்குகிறது. ஏன்?

'ஃபைல் இருக்கிறதா? இல்லை. சரி, காத்திரு' என்று எழுதியிருப்பீர்கள். பார்த்ததற்கும் காத்திருக்கத் தொடங்கியதற்கும் நடுவே உள்ள சில மில்லிவிநாடியில் ஃபைல் வந்துவிட்டால், அந்த நிகழ்வு போய்விட்டது, இனி வராது. தினமும் ஓடும் ஸ்கிரிப்டில் என்றாவது ஒருநாள் இது நடக்கத்தான் செய்யும்.

முறைப்படி பார்த்தால் கண்காணிப்பை முதலில் தொடங்கி, அது நிலைபெற்ற பிறகு ஃபைலைச் சோதிக்க வேண்டும். ஷெல்லில் அதை எழுதுவது கொஞ்சம் சிக்கல். நான் பரிந்துரைப்பது இரண்டையும் கலப்பது: லூப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்லீப் இருந்த இடத்தில் மைனஸ் டி (-t) 30 போட்ட ஐநோட்டிஃபைவெயிட்டை வையுங்கள். நிகழ்வு வந்தால் உடனே எழும், தவறவிட்டால் அதிகபட்சம் 30 விநாடியில் லூப் மறுபடி பார்க்கும். நேரம் முடிந்தால் அது 2 என்ற எண்ணைத் திருப்பித் தரும், ஸ்கிரிப்டின் தலையில், கமாண்ட் தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் மைனஸ் இ போட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் செத்துவிடும். அதனால் வரியின் கடைசியில் || போட்டு ட்ரூ சேர்த்துவிடுங்கள். ஆனால் 1 வந்தால் அது உண்மையான பிழை, ஃபோல்டரே இல்லாமல் இருக்கலாம், அதையும் சேர்த்து விழுங்கினால் லூப் ஸ்லீப் இல்லாமல் சுற்றத் தொடங்கும். ட்ரூவுக்குப் பதிலாக, திரும்பி வந்த எண்ணை அதே இடத்தில் பிடித்து 1 என்றால் நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

என்எஃப்எஸ் ஷேரில் இது வேலை செய்யுமா?

வேறு மெஷின் எழுதினால் செய்யாது. ஐநோட்டிஃபை உங்கள் கெர்னல் வழியாக நடக்கும் மாற்றங்களை மட்டும்தான் அறியும், அடுத்த மெஷினில் நடந்தது அதற்குத் தெரியாது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2ல் விண்டோஸ் டிரைவைக் கண்காணித்தாலும் இதே கதைதான். அங்கெல்லாம் பழைய லூப்தான் துணை.

லூப்பிலும் ஒரு தாமதம் இருக்கும். என்எஃப்எஸ் க்ளையன்ட் ஃபோல்டர் விவரத்தை இயல்பாக 30 முதல் 60 விநாடிவரை நினைவில் வைத்திருக்கும், 'இந்தப் பெயரில் ஃபைல் இல்லை' என்ற பதிலையும் சேர்த்து. அதனால் அந்தப் பக்கம் ஃபைல் வந்து ஒரு நிமிடம் ஆகியும் இந்தப் பக்கம் தெரியாமல் போகலாம். மௌன்ட் செய்யும்போது லுக்அப்கேஷ் ஆப்ஷனுக்கு பாசிட்டிவ் என்று கொடுத்தால் 'இல்லை' என்ற பதிலை மட்டும் ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் உறுதி செய்துகொள்ளும்.

ஃபைலின் முழுப் பெயர் தெரியாது, சிஎஸ்வி என்று முடியும் ஏதாவது ஒன்று வரும். எப்படி?

டெஸ்ட் மைனஸ் எஃப்புக்கு நட்சத்திரக் குறியைக் கொடுக்காதீர்கள். ஒரு ஃபைல் இருக்கும்வரை வேலை செய்யும், இரண்டாவது வந்தவுடன் பிழை வரும், லூப் அதையும் 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டு காத்திருக்கும். பாஷில் காம்ப்ஜென் மைனஸ் பெரிய ஜி போட்டு அந்தப் பேட்டர்னை மேற்கோளுக்குள் கொடுங்கள், ஒன்றாவது பொருந்தினால் வெற்றி என்று திரும்பும்.

நேற்றைய ஃபைலையே எடுத்துக்கொள்கிறதே?

ஃபைலின் பெயரிலேயே தேதி இருப்பதுதான் நல்லது. முடியாவிட்டால், வேலை முடிந்தவுடன் ஃபைலை 'முடிந்தவை' மாதிரி வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள், அடுத்த நாள் அந்த இடம் காலியாக இருக்கும். ஒரே ஃபைலுக்காக இரண்டு ஸ்கிரிப்ட் போட்டிபோடும் இடத்திலும் இதே உத்தி உதவும். ஒவ்வொன்றும் வேலையைத் தொடங்கும் முன் ஃபைலைத் தன் ஃபோல்டருக்கு எம்வி செய்யட்டும். ஒருவருக்குத்தான் கிடைக்கும், மற்றவருக்குப் பிழை வரும், அவர் திரும்பவும் காத்திருக்கலாம். ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு தடவை ஓடுவதைத் தடுக்க பூட்டுப் போடும் எஃப்லாக் கமாண்டை மைனஸ் என்னோடு போட்டால் போதும்.

ஸ்கிரிப்டே காத்திருக்காமல் சிஸ்டம் என்னை எழுப்ப வழி உண்டா?

சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள மெஷினில் பாத் யூனிட் இருக்கிறது. பாத்எக்ஸிஸ்ட்ஸ் என்று எழுதி ஃபைலின் பெயரைக் கொடுத்தால், ஃபைல் தோன்றியதும் அதே பெயருள்ள சர்வீஸ் யூனிட்டைத் தொடங்கும். ஏற்கெனவே ஃபைல் இருந்தாலும் தொடங்கும், எனவே மேலே சொன்ன இடைவெளிப் பிரச்சினை இல்லை. உங்கள் சர்வீஸ் வேலையை முடிக்கும்போது அந்த ஃபைலை நகர்த்தியோ அழித்தோ ஆக வேண்டும். அப்படியே விட்டால் முடிந்த கையோடு மறுபடி தொடங்கும், மறுபடி, மறுபடி, கடைசியில் வேகவரம்பைத் தாண்டிவிட்டது என்று சிஸ்டம்டியே நிறுத்திவிடும். பாதி ஃபைல் பிரச்சினை இங்கேயும் உண்டு, ஆகவே குட்டி ஃபைலைக் கண்காணிப்பதே மேல்.

ஃபைல் எப்போது வந்தாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் தள்ளிப்போனாலும் கவலையில்லை என்றால், க்ரானில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, ஃபைல் இல்லையென்றால் அமைதியாக வெளியேறும் ஸ்கிரிப்டை எழுதுங்கள். காத்திருப்பே கிடையாது, சர்வரை ரீபூட் செய்தாலும் எதுவும் கெடாது.

மேக்கில்?

ஐநோட்டிஃபை கிடையாது. எஃப்எஸ்வாட்ச் என்ற கண்காணிப்புக் கருவியைப் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் மேக்கில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் லான்ச்டியின் வாட்ச்பாத்ஸ். ஸ்டாட் கமாண்டின் ஆப்ஷன்களும் வேறு, க்னூ ஆப்ஷனோடு எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே ஓடாது. அளவு மட்டும் வேண்டுமென்றால் டபிள்யூசி மைனஸ் சி இரண்டிலும் ஓடும்.

டேட்டாபேஸ் தயாராகும்வரை அதன் சாக்கெட் ஃபைலுக்காகக் காத்திருக்கலாமா?

வேண்டாம். சாக்கெட் ஃபைல் இருப்பதால் அந்தப் பக்கம் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆகாது. சர்வர் திடீரென்று விழுந்தால் பழைய சாக்கெட் ஃபைல் அப்படியே கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்கிரிப்ட் கிளம்பிவிடும். போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி_இஸ்ரெடி கமாண்டை லூப்பின் நிபந்தனையாக வையுங்கள், அது இணைப்பை உண்மையிலேயே முயன்று பார்க்கும்.

ஃபைலை உருவாக்கும் ப்ரோகிராமை நானே பின்னணியில் ஓட்டுகிறேன், அப்போதும் லூப் வேண்டுமா?

வேண்டாம். ஓட்டியவுடன் $! மாறியில் அதன் ப்ராசஸ் எண் இருக்கும், அதை எடுத்து வெயிட் கமாண்டுக்குக் கொடுங்கள். ப்ரோகிராம் முடிந்ததும் வெயிட் திரும்பும், ப்ரோகிராமின் வெளியேற்ற எண்ணையும் கொண்டுவரும். அது தோற்றுப்போயிருந்தால் ஃபைல் வரவே போவதில்லை. ஃபைலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் லூப்புக்கு அது கடைசிவரை தெரியாது, வெயிட் அந்த நொடியிலேயே சொல்லிவிடும்.